உங்கள் முகத்துக்கு உங்கள் குரல்

அன்ரி,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக எதையும் கூட்டமாட்டேன். இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பொய் சொல்வார்கள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். "செத்த அன்றைக்கே எல்லோரும் பெரிய நடிகர் ஆகிவிடுகிறார்கள்" என்பீர்கள். ஆகவே உங்கள் குறட்டையையும், அம்மா பொரித்த மிளகாயை நீங்கள் கடித்துவிட்டு ராணிபோல ஒன்றும் நடக்காதமாதிரி உட்கார்ந்திருந்ததையும், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடியதையும் நான் விட்டுவிடமாட்டேன்.

லண்டனின் மிச்சம் பகுதியில், நாங்கள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் அதே மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு பின்னேரம். ஆட்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. அப்பாவும் தமிழ்ப் பள்ளிச் செயலாளர் மாமாவும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை மேசைமேல் ஏற்றிவைத்துவிட்டு நீட்டு வயர் தேடப் போய்விட்டார்கள். அம்மா உள்ளே பற்றீஸ் பலகாரத் தட்டுகளை அடுக்குகிறார். எனக்குக் கொடுத்த வேலை ரிமோட்டுக்குப் புதுப் பற்றறி போடுவது. மூடியைக் கழற்றித் திருப்பியபோது விரலில் அது தட்டுப்பட்டது. சத்தத்தை நிறுத்தும் பொத்தானின்மேல் நீங்கள் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. பாதி உரிந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் மேடாக, குங்குமம் காய்ந்ததுபோல இருக்கிறது. பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஆங்கிலத்தில் எதையாவது விளக்கும்போது நீங்கள் கையை உயர்த்தி நிறுத்துவீர்கள். "உன் முகம் வேறெங்கோ நிற்கிறது. அம்மாவோடு பேசும் மொழியில் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன்." கேட்டுக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்வீர்கள்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் உங்களிடம் ஒரு பயணப்பையும் துணிப்பைக்குள் ஒரு சோடிச் சப்பாத்தும் இருந்தன. கறுப்புத் தோல், குட்டையான குதி, கணுக்காலில் ஒரு வார். உள்ளூராட்சிக் கவுன்சில் மூலம் உக்ரேன் போருக்குத் தப்பி வருகிறவர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டு அப்பாதான் பெயர் கொடுத்திருந்தார். அப்பா பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து சோற்றுக்கோப்பையோடு இருந்தபடி அதைச் சொன்னபோது அம்மா, "இஞ்சருங்கோ, இந்த வீட்டில எங்கயப்பா இடம்? ஆளை மேசையில படுக்க விடுறதோ?" என்று கேட்டார்.

"நான் இந்த நாட்டில வந்து இறங்கேக்க என்னை ஒருத்தர் கூடத்தில படுக்க விட்டவர். எனக்கு அது அரண்மனை," என்றார் அப்பா.

என் புத்தகங்கள் இருந்த சின்ன அறை உங்களுக்கு என்று முடிவானது. எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. நீங்கள் அந்த அறைக்குள் நுழைந்து புத்தகத் தட்டுகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு தட்டையும் அசைக்கவேண்டாம் என்று கையால் காட்டினீர்கள். "நான் நாடகக்காரி, பார்வையாளர்களுக்கு முன்னால் தூங்கிப் பழகியவள்" என்றீர்கள். அந்தக் கோபம் அத்தோடு போயிற்று.

உங்கள் ஆங்கிலத்தில் நடந்து முடிந்தது என்று எதுவுமே இல்லை. எல்லாம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். "எனக்குப் பத்து வயது, அப்பா ரயில்பாதையில் வேலை செய்கிறார், நான் அவருடைய பச்சைக்கொடியைத் திருடுகிறேன்." "எனக்கு இருபது வயது, கார்கிவ் நகரத்து நாடகப் பள்ளியில் படிக்கிறேன், காலையில் பிள்ளைகளுக்கு நரியாக நடிக்கிறேன், மாலையில் ராணியாக நடிக்கிறேன், நடுவில் நரியின் வாலோடேயே கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிறேன்." பிழையான ஆங்கிலம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நாங்கள் தேநீர் குடிக்கும் மேசைக்கே உங்கள் இருபது வயது வந்து உட்கார்ந்துவிடுவதைப் பார்த்த பிறகு, அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒரே நாடகக் குழுவில் வாழ்நாள் முழுக்க நடித்தீர்கள். ராணிகள், விதவைகள், ஒரு நீதிபதி, ஊமைப் பெண் ஒருத்தி, கிழவியாகும் முன்னமே எத்தனையோ கிழவிகள். போர் தொடங்கிக் குண்டுகள் விழுந்தபோது நாடக அரங்கத்துக் கண்ணாடிகள் எல்லாம் உடைந்துவிட்டன. நிலத்தடி ரயில் நிலையத்தில் பாய் விரித்துத் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் மறுபடியும் நரியாக நடித்தீர்கள். வால் இல்லை, யாரோ கொடுத்த கம்பளிச் சால்வையைச் செருகிக்கொண்டீர்கள். "எழுபது வயது நரி. ஓட முடியாது. ஆகவே தந்திரம் அதிகம்" என்று எனக்குச் சொன்னீர்கள். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வீரரைக் கண்டதில்லை. இதை உங்களிடம் சொன்னபோது, "போய் வீட்டுப்பாடம் செய்" என்றீர்கள்.

உங்கள் ரசிகை ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அது அம்மா. அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார். பார்மசியில் நின்று வேலைசெய்துவிட்டுக் கால் வலியோடு வரும் அம்மாவை நீங்கள் டூட்டிங் கடைத்தெருவுக்குப் போய்வந்த கதையாலேயே சிரிக்கவைப்பீர்கள். மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயை முறித்துப் பார்க்கும் விதம், நீங்கள் பீட்ரூட்டைத் தட்டிப் பார்த்ததும் அவர் தலையை ஒருபக்கம் சரித்தது, பில் போடும் பெண் கொட்டாவியை விழுங்கியது எல்லாம் எங்கள் கூடத்தில் வந்து நிற்கும். அப்பா வேலைக்குப் போகும் நடையும் வேலையால் வரும் நடையும் வேறு வேறு என்று நீங்கள் நடந்து காட்டியபோதுதான் எனக்கே தெரியவந்தது. வரும்போது அவருடைய வலது கால் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. அம்மாவுக்குத் தமிழ்ப் படம் வேண்டும். உங்களுக்கும் அதே படம் வேண்டும், ஆனால் சத்தமில்லாமல். நடிகரின் முகம் உண்மை சொல்கிறதா என்று பார்க்கச் சத்தம் இடைஞ்சல் என்பது உங்கள் கொள்கை. கண்ணாடி போடாமலே அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கத்தான் சிவப்புப் பொட்டு வைத்தீர்கள்.

"அன்ரி! திரும்பவும் நிப்பாட்டிப் போட்டீங்களோ? எனக்குக் கதை விளங்க வேண்டாமே?"

"அவன் அவளை விரும்பவில்லை," என்பீர்கள் நீங்கள், திரையில் கையைக் காட்டி. "அவன் மதியச் சாப்பாட்டை நினைக்கிறான்."

"என்னவாம் பிள்ளை?"

உங்கள் ஆங்கிலம் அம்மாவுக்குப் பிடிபடாது, அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதைக்கக் கூச்சம், ஆகவே இடையில் நின்று நான்தான் சொல்வேன். அம்மா தலையணையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அதற்குப் பிறகு அந்தக் கதாநாயகனை அவரால் நம்ப முடியாது.

அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் உங்கள் பழைய காயம் வெளியே வந்தது. அன்றைக்கு அம்மா ரிமோட்டைத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டார். படம் சத்தத்தோடு ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீங்கள் முன்னுக்குச் சாய்ந்தீர்கள். "இந்தக் குரல் இந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து வரவில்லை" என்றீர்கள்.

அம்மாவுக்கு ஆச்சரியம். "ஓம், அது வேற ஆளின்ர குரல். உவவுக்குத் தமிழ் தெரியாது. முகம் ஒராள், குரல் ஒராள். எங்கட படங்களில அது வழமைதானே. சொல்லு பிள்ளை அன்ரிக்கு."

நான் சொன்னேன். நீங்கள் எழுந்து உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அம்மா கையில் ரிமோட்டோடு, "நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த நாள் நான் பள்ளியால் வந்தபோது நீங்கள் சமையலறை மேசையில் எனக்காகக் காத்திருந்தீர்கள். உங்கள் கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னீர்கள்.

உங்களுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு இயக்குநர் நாடகம் பார்க்க வருகிறார். ரயில் கடவையில் கேற்றைத் திறந்து மூடும் பெண்ணைப் பற்றி உக்ரேனிய மொழியில் படம் எடுக்கிறார். ஊரைவிட்டுப் போகிற எல்லோரும் அவளைக் கடந்துதான் போகவேண்டும். அவள் மட்டும் எங்கும் போவதில்லை. கொடி பிடிக்கத் தெரிந்த நடிகை நீங்கள் ஒருத்திதான். ஆனால் அவர் உங்களைத் தேர்ந்தது கொடிக்காக அல்ல. இருட்டான வகுப்பறையில் எல்லா மாணவிகளையும் வாசிக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, உங்கள் குரல் வந்த பக்கம் விரலை நீட்டினார். தாழ்ந்த குரல், அடியில் கொஞ்சம் கரகரப்பு. எங்கள் வீட்டில் நீங்கள் 'குட் மோர்னிங்' சொல்லும்போதே கோப்பைத் தட்டு அதிரும் என்று அப்பா சொல்வார்.

படம் முடிகிறது. அது சோவியத் காலம், பெரிய இடத்திலிருந்து ஒரு உத்தரவு வருகிறது: ரஷ்ய மொழியில்தான் ஓடவேண்டும். வேறொரு பெண் வந்து உங்கள் வசனங்களையெல்லாம் ரஷ்ய மொழியில் பேசிவிட்டுப் போகிறாள். மெல்லிய, இனிப்பான குரல். உக்ரேனிய ஒலிநாடா எங்கோ ஒரு களஞ்சியத்தில் தொலைகிறது, அல்லது தொலைக்கப்படுகிறது. உங்கள் அம்மா படம் பார்க்கப் போகிறார். வெளியே வந்து உங்களிடம் கேட்கிறார்: "நீ எங்கே? உன்னைப் பார்த்தேன், ஆனால் நீ வரவில்லையே?"

இதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை. பீட்ரூட்டைத் தோலுரித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள் மட்டும் செய்தீர்கள். ஒன்றில் பிணம். "அதில் யாரும் என் குரலை எடுக்க முடியாது" என்றீர்கள். மற்றதெல்லாம் மேடை. மேடையில் முகமும் குரலும் ஒரே வாசலால்தான் வரவேண்டும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் திட்டத்தைச் சொன்னீர்கள். அந்தப் படம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது, மெல்லிய குரலோடு. அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று, உங்கள் வசனங்களை உங்கள் குரலில் நீங்களே பேசவேண்டும். ஆட்களுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை. "என் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றீர்கள்.

அம்மா சம்மதிக்கவில்லை. உங்கள் நெஞ்சு எவ்வளவு பலவீனம் என்பது மருந்துக் குளிசைகளை எடுத்துவரும் அம்மாவுக்குத்தான் தெரியும். ட்ராம் தரிப்பிடத்திலிருந்து வீடுவரை வருவதற்கே நீங்கள் இரண்டு மதிலில் சாய்ந்து நிற்பீர்கள். "இந்த நெஞ்சை வச்சுக்கொண்டு ஒரு படம் முழுக்க நிண்டு கதைக்கப் போறாவாமோ? ஏலாது. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"அவ கதைக்காமலே இருந்தா நெஞ்சு நல்லா இருக்குமோ?" என்று அப்பா கேட்டார். அம்மா எழுந்து உங்கள் குளிசைகளை எண்ணத் தொடங்கினார். அது அம்மா சம்மதிக்கும் விதம்.

ஒத்திகை எங்கள் கூடத்தில். அங்கே ஒரு சிக்கல் வந்தது. மேடைச் சப்பாத்துப் போடாமல் உங்களால் ஒரு வசனமும் பேச முடியாது. எங்கள் வீட்டிலோ வாசலைத் தாண்டிச் சப்பாத்து வரக்கூடாது. கவுன்சில்காரர் வந்தபோதுகூட அம்மா அவரைக் கழற்றவைத்தவர். நீங்கள் வாசல் விரிப்பில் சப்பாத்தோடு நின்றீர்கள். அம்மா கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா டெட்டோல் துணியோடு குனிந்து, உங்கள் சப்பாத்தின் அடியை நீங்கள் அதை மாட்டியிருக்கும்போதே, குதிரைக்கு லாடம் அடிக்கிறவர்போல ஒவ்வொரு காலாகத் தூக்கித் துடைத்தார். பிறகு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பொன்றை மடித்துப் போட்டார். "இதுக்குள்ள நிண்டா சரி. வெளியில கால் வைக்கப்படாது." அந்த விரிப்புத்தான் உங்கள் லண்டன் மேடை. அம்மா சொன்ன எல்லையை நீங்கள் ஒருநாளும் மீறவில்லை. எந்த நாடக அரங்கிலும் இவ்வளவு கண்டிப்பான மேடை நிர்வாகியைக் கண்டதில்லை என்று நீங்கள் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது அம்மா, "அப்பிடியே?" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு இரவு உங்களுக்கு இரண்டு முட்டை பொரித்தார்.

பள்ளி முடிந்து வந்து நான் ரிமோட்டோடு இருப்பேன். நிறுத்து, திரும்பப் போடு, நிறுத்து. திரையில் இருபத்திரண்டு வயதுப் பெண் வாயைத் திறப்பாள். நீங்கள் அதே நொடியில் திறக்கவேண்டும். அவளை நீங்கள் 'நான்' என்று சொல்லவில்லை. "இந்தப் பெண் அவசரக்காரி" என்பீர்கள். "மூச்சு நிறைய இருக்கிறது, ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறாள்." அவளுடைய ஒரு மூச்சுக்கு உங்களுக்கு இரண்டு தேவைப்பட்டது. அந்த இரண்டாவது மூச்சை எங்கே ஒளிப்பது என்பதுதான் உங்கள் வேலை. அவள் தலையைத் திருப்பும்போது எடுப்பீர்கள்; கேற்றுக்குப் பின்னால் போகும்போது எடுப்பீர்கள். எனக்கு மொழி தெரியாது, ஆனால் மூச்சு எடுக்கும் இடங்கள் எல்லாம் பாடமாகிவிட்டன.

ஒருநாள் நீண்ட வசனம் ஒன்று மூன்றாவது தடவையும் பிந்தியது. நீங்கள் கோபத்தில் திரையைப் பார்த்து, "திருடி" என்றீர்கள். அது அந்த இளம் பெண்ணுக்குச் சொன்னது அல்ல. மெல்லிய குரல்காரிக்கு. அவளைப் பற்றிப் பேசும்போது 'மற்றவள்' அல்லது 'திருடி', இந்த இரண்டு சொற்கள்தான்.

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அந்தப் பிள்ளையின்ர பேர் படத்தில வருதே?"

நான் கேட்டேன். இல்லை என்றீர்கள். குரல் கொடுத்தவர்களின் பெயரை எங்கே போடுகிறார்கள்?

"இஞ்சயும் போடமாட்டினம்," என்றார் அம்மா. "அப்ப அவளின்ர பேரையும் எடுத்துத்தானே போட்டினம். அவ்வளவு கதைச்சவள், ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உத்தரவு போட்டவன் ஆரோ, அன்ரி ஏசுறது அவளையோ? கேள் பிள்ளை."

இதை மொழிபெயர்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். நீங்கள் அம்மாவை நெடுநேரம் பார்த்தீர்கள். சத்தமில்லாத படத்தைப் பார்ப்பதுபோல. பிறகு விரிப்பை விட்டு இறங்கும் முன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அன்றைக்கு அதற்குமேல் ஒத்திகை இல்லை. சாப்பிடும்போது மட்டும், யாரும் கேட்காமலே, "அவள் என் வகுப்புத்தான். விடுதியில் என் அடுத்த கட்டில்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'திருடி' என்ற சொல் கேட்கவில்லை.

இனி, நீங்கள் இருந்தபோது இந்த மண்டபத்தில் நடந்த விழா.

சுற்றுவட்டாரத்து உக்ரேனியக் குடும்பங்கள் வந்திருந்தன. தமிழ்ப் பள்ளிப் பெற்றோரும் கொஞ்சப்பேர். செயலாளர் மாமாவுக்கு விழா என்றால் ஒரே ஒரு முறைதான் தெரியும். குத்துவிளக்கு ஏற்றவைத்தார். வரவேற்புரை நிகழ்த்தினார். "உக்ரேன் தந்த கலையரசி" என்று உங்களுக்குத் தானாகவே ஒரு பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார். உக்ரேனியர்கள் பொறுமையாக இருந்தார்கள். கடைசியில் அழகாகச் சுற்றிய பூச்செண்டை உங்கள் கையில் கொடுத்தார். பன்னிரண்டு சிவப்பு ரோசா. மண்டபத்தில் பாதிப்பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீங்கள் ஒரு பார்வையிலேயே எண்ணிவிட்டீர்கள். ஒரு ரோசாவை உருவி, செயலாளர் மாமாவின் கோட்டுப் பையில் செருகி, உங்கள் மொழியில் ஏதோ சொன்னீர்கள். உக்ரேனியர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு எனக்கு விளக்கினார்கள். இரட்டைப்படைப் பூ இறந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பது. நீங்கள் சொன்னது, "இப்போது எனக்கு உயிர் வந்துவிட்டது" என்பதாம். செயலாளர் மாமா அது தனக்குக் கிடைத்த விருது என்று நினைத்து விழா முடியும்வரை அந்தப் பூவோடேயே திரிந்தார்.

மண்டபத்துப் புரொஜெக்டர் பழுது. அதனால் எங்கள் தொலைக்காட்சியையே கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தோம். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், கறுப்புச் சப்பாத்தோடு. அம்மா வீட்டு விரிப்பைக் கொண்டுவந்து உங்கள் காலடியில் போட்டிருந்தார். படம் தொடங்கியது. நான் சிவப்புப் பொட்டை அழுத்தினேன்.

மெல்லிய குரல் மண்டபம் முழுக்க இனிப்பாகக் கேட்டது.

மறுபடி அழுத்தினேன். அது நிற்கவில்லை. பின்னுக்கு இருப்பவர்களுக்கும் கேட்கவேண்டும் என்று செயலாளர் மாமா தொலைக்காட்சியை மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கிகளோடு தானே இணைத்துவைத்திருக்கிறார். சத்தமில்லாமல் ஒரு விழா நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார். உக்ரேனியர் பக்கத்தில் முகங்கள் இறுகின. தங்கள் வீட்டுக்குக் குண்டு போடுகிறவர்களின் மொழி. ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்பா, "அண்ணை, வயரை இழுங்கோ! வயரை!" என்று கத்தினார்.

நீங்கள் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கடைசிவரை கேட்டீர்கள். ஒரு முழு வசனம். உங்கள் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கோபம் இல்லை. நெடுநாள் காணாத ஒருவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்த முகம்.

வயர் கழன்றது. மண்டபம் அமைதியாயிற்று. திரையில் அந்தப் பெண் கேற்றில் கையை வைத்து வாயைத் திறந்தாள். உங்கள் குரல் வந்தது.

அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒலிபெருக்கி இல்லை, ஒன்றும் இல்லை. கடைசி வரிசையில் இருந்த அம்மாவின் கையிலிருந்த கோப்பை அதிர்ந்தது. எழுந்து நின்ற பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பையன் உரக்க ஏதோ கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குள்ளே பாட்டி எப்படிப் போனார் என்று கேட்டானாம். நீங்களும் சிரித்தீர்கள், அடுத்த வசனத்தை விடாமலே.

பாதிக்கு மேல் மூச்சு முட்டியது. ஒளித்துவைத்த மூச்சுகள் எல்லாம் வெளியே தெரியத் தொடங்கின. அம்மா ஓடிவந்து கதிரையைப் போட்டார். நீங்கள் உட்கார்ந்துகொண்டு பேசினீர்கள். உங்கள் குரல் இப்போது வாயசைவுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. அந்தப் பெண் பேசிவிட்டு வாயை மூடுவாள், அதன் பிறகு வசனம் முடியும். யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. நெடுந்தூரத்திலிருந்து வருகிற குரல் பிந்தித்தானே வரும்.

கடைசிக் காட்சியில் ரயில் வருகிறது. அவள் பச்சைக்கொடியை உயர்த்துகிறாள். "போங்கள், பாதை திறந்திருக்கிறது." கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுதான் அதைச் சொன்னீர்கள். உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்லியாயிற்று.

கைதட்டல் எழுந்தது. நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெயர் முடியாமல் விளக்குப் போடக்கூடாது என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தீர்கள். உங்கள் பெயர் வந்தது. அது போகும் முன்பு நீங்கள் இன்னொரு பெயரைச் சொன்னீர்கள், திரையில் இல்லாத பெயரை.

அம்மாவுக்கு உங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என் காதருகே குனிந்து, "அது அந்தப் பிள்ளையின்ர பேர்தானே?" என்றார்.

"ஓம் அம்மா."

இந்த மடலில் உங்கள் பெயரையோ எங்கள் பெயர்களையோ நான் எழுதவில்லை. ஒரு பெயரை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது எங்கும் எழுதப்படவில்லை. ஹலீனா.

குளிர்காலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. மருத்துவமனையில் அம்மா பக்கத்தில் இருந்தார். இறுதிச் சடங்குக்குப் பூ வாங்கும்போது கடைக்காரர் கூடுதலாக ஒரு பூ வைத்துக் கட்டினார். அம்மா அதை உருவித் திருப்பிக் கொடுத்தார். "இல்லைத் தம்பி. இண்டைக்கு இரட்டைதான் வேணும்." செயலாளர் மாமாவும் வந்திருந்தார். அவர் கொண்டுவந்ததும் இரட்டைப்படை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, விழா அன்று மண்டபம் சிரித்ததற்கு என்ன காரணம் என்று அவர் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். அவர் அழுதார்.

இன்றைக்கு ஏன் மறுபடி தொலைக்காட்சியைச் சுமந்து வந்திருக்கிறோம் என்று சொல்லவேண்டும். ஹவுன்ஸ்லோவில் இருக்கும் அத்தைக்கு உங்கள் விழா அன்று விமான நிலையத்தில் ஷிப்ட், வர முடியவில்லை. அவருக்கு அனுப்புவதற்காக அப்பா தன் போனைச் சட்டைப்பையில் வைத்து முழுவதையும் பதிவுசெய்திருந்தார். படம் இல்லை, குரல் மட்டும். பள்ளி விடுமுறையில் நான் கணினியில் இருந்து அந்தக் குரலைப் படத்தோடு பொருத்தினேன். மூச்சு எடுக்கும் இடங்கள் எனக்குத் தெரியும் என்பதால் முடிந்தது. அதைத்தான் இன்றைக்கு ஓடவிடப்போகிறோம். வகுப்புத் தோழன் ஒருவன் இரைச்சல் எல்லாவற்றையும் நீக்கித் தருவதாகச் சொன்னான். அந்தப் பையனின் கேள்வி, கதிரை இழுபட்ட சத்தம், அப்பா "வயரை" என்று கத்தியது எல்லாம் இரைச்சலாம். நான் ஒன்றையும் நீக்கவிடவில்லை. தொடக்கத்தில் ஹலீனா பேசும் அந்த ஒரு வசனத்தையும் நீக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை வெட்டுவதற்கு நான் யார்?

எனக்கு நடிக்க வராது, அன்ரி. நீங்களும் சொல்லித்தரவில்லை. ஆனால் இப்போது பஸ்ஸில் போகும்போது பாட்டுக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு முகங்களைப் பார்க்கிறேன். தோழிகளோடு படத்துக்குப் போனால் கடைசிப் பெயர் போகும்வரை எழும்பமாட்டேன். "உனக்கென்ன விசரோ, கூட்டித் துடைக்கிற ஆக்கள் வந்திட்டினம்" என்று இழுப்பார்கள். ஓடும் பெயர்களைப் பார்த்துக்கொண்டே, இதில் இல்லாதவர் யார் என்று யோசிப்பேன். அம்மா மட்டும் என் பக்கம். இப்போதெல்லாம் அவரும் பாதிப் படத்தில் சிவப்புப் பொட்டை அழுத்திவிட்டு, "உவன் பொய் சொல்லுறான்" என்கிறார்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தச் சின்னப் பையனும் வந்திருக்கிறான், கொஞ்சம் வளர்ந்திருக்கிறான். ஹவுன்ஸ்லோ அத்தை முன்வரிசையில். அம்மா விரிப்பைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போட்டு, அதன் நடுவில் உங்கள் சப்பாத்தைச் சோடியாக வைத்திருக்கிறார், அடியைத் துடைத்து. அந்த விரிப்பில் யாரும் கால் வைக்கவில்லை. செயலாளர் மாமா இந்தமுறை ஒலிபெருக்கியை எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இணைத்தார். இன்றைக்கு அது வேண்டும். உரை எதுவும் நிகழ்த்தவில்லை. சுவரருகே சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"பிள்ளை, ரெடியோ?"

"ஓம் மாமா."

என் கட்டைவிரல் சிவப்புப் பொட்டின்மேல் இருக்கிறது. இன்றைக்கு அதை அழுத்தமாட்டேன். இனி எழுத வெளிச்சம் இல்லை, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.